முகம் வெல்லும், ஆளுமா?

வில்லியனூரிலும் பாகூரிலும் தேர்தல் வந்தால் முதலில் எழும் கேள்வி, "நிற்பவர் யார்?" என்பதே. "எதற்காக நிற்கிறார்?" என்பது பிறகு, பலவேளை எழுவதே இல்லை.

இதற்காக உழவனையும் தொழிலாளியையும் ஏளனம் செய்வோர் உண்டு. நாம் செய்யமாட்டோம். புதுவையில் சுமார் 10 லட்சம் வாக்காளர், தொகுதிகளோ 30. தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். வேட்பாளர் நம் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர். சாவு வீட்டில் உடன் நின்றவர். அந்த முகம் நெஞ்சில் நிற்பதில் வியப்பென்ன?

ஆனால், முகம் வெல்லும், ஆளுமா? 1972-இல் பிறந்த அண்ணா தி.மு.க., எம்.ஜி.ஆர். என்ற ஒரு முகத்தின் ஒளியில் 1974-இல் புதுவையில் ஆட்சி அமைத்தது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை அந்த ஆட்சி! 2011-இல் ரங்கசாமி தொடங்கிய என்.ஆர். காங்கிரஸ், சில மாதங்களுக்குள் 15 இடங்களை வென்றது. 2016-இலும் அதே முகம்தான், கிடைத்தவை 8.

ஏன் ஒருவர் முகத்தையே நாடி நிற்கிறோம்? 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் வரவில்லை. தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் சட்டமன்ற உறுப்பினர் வாசலில் காத்துக் கிடந்தோம். உரிமையாக வரவேண்டியது உதவியாக வந்தால், கொடுத்தவர் வள்ளலாகத்தானே தோன்றுவார்?

தோழர்களே! படியேறி வரும் வேட்பாளரை வரவேற்போம்; அது நம் பண்பு. கூடவே கேட்போம்: "கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒழுங்காகத் தேர்தல் நடக்க என்ன செய்வீர்?" நம் அணி வேட்பாளரானாலும் கேட்போம். முகம் பார்த்தது போதும். இனி பதிலைப் பார்ப்போம்!