கறுப்பு பெயிண்ட், சிமெண்ட், ஒரு வயித்தெரிச்சல்

இங்கிலாந்து கிராமத்து வீடுன்னா காலண்டர்ல என்ன படம் வரும்? வெள்ளைச் சுவர், அதுல கன்னங்கரேல்னு மரச்சட்டம். 'ஆஹா, அசல் டியூடர்!'னு உருகுறோம். மன்னிக்கணும் மக்களே, அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ம் நூற்றாண்டு ஃபேஷன். செஷையர்ல லிட்டில் மோர்ட்டன் ஹால்னு கோணல்மாணலா ஒரு மாளிகை இருக்கே, அதுவும் இதுல சேர்த்தி. முன்னாடி ஓக் மரத்தைச் சும்மா விட்டுடுவாங்க, வெயில் மழை பட்டு வெள்ளியா நரைச்சிடும். இல்லேன்னா மரத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடிச்சிடுவாங்க. (சஃபோக்ல லாவன்ஹாம் போனா இன்னிக்கும் பார்க்கலாம்.)

சரி, பெயிண்ட் போகட்டும். தாத்தாவுக்கு டை அடிச்ச கதைன்னு விட்டுடலாம். எனக்கு வயித்தெரிச்சல் சிமெண்ட் மேலதான்.

இந்த வீடு எப்படி நிக்குது? ஈரம் காயாத ஓக்கை அறுத்து, துளை போட்டு, நாக்கு செருகி, மர ஆணி அடிச்ச எலும்புக்கூடு. நடுவுல குச்சி முடைஞ்ச தட்டி, அதுமேல களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைச்சு அப்பி, சுண்ணாம்புப் பூச்சு. மரம் காயக் காய முறுக்கிக்கும், வீடே சாயும். மண்ணும் கூடவே வளைஞ்சு கொடுக்கும். உள்ள போன ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய வந்துடும்.

இதுமேல 20ம் நூற்றாண்டுல 'பலப்படுத்துறேன்'னு சிமெண்ட் பூசினாங்க புண்ணியவானுங்க. மரம் அசையும், சிமெண்ட் அசையாது. ஓரத்துல முடி அளவு விரிசல். அதுல இறங்கின மழைத்தண்ணி வெளிய வர வழியில்லாம அடி உத்தரத்தை உளுக்க வைக்குது. ஈர ஓக்னா வண்டுக்கும் கொண்டாட்டம். வெளிய மட்டும் பளிச்!

'அப்போ பழசை அப்படியே இடிஞ்சு விழ விடணுமா?' யார் சொன்னது? பழுது பாருங்கய்யா, அதே மண்ணும் சுண்ணாம்பும் வெச்சு. வில்லியம் மோரிஸ் 1877ல பழைய கட்டடங்களுக்குன்னு சங்கம் வெச்சுக் கத்தினது, புதுப்பிக்கிறேன்னு கெடுக்காதீங்க, பராமரிச்சாப் போதும்னுதான். சஸ்ஸெக்ஸ்ல ஆல்ஃபிரிஸ்டன் ஊர்ப் பாதிரியார் வீடு, ஏறத்தாழ 600 வருஷத்து மரச்சட்டக் கூரை வீடு, ஓட்டை உடைசலாக் கிடந்துச்சு. 1896ல நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கிப் பழுது பார்த்தது. அவங்க வாங்கின முதல் கட்டடமே அதுதான். ஹால் தரை என்ன தெரியுமா? வெள்ளைச் சாக் கல்லை இடிச்சுக் கெட்டிப்படுத்தி, புளிச்ச பால் ஊத்தினது.

அங்க டைல்ஸ் ஒட்டலாமேன்னு யாராவது ஐடியா கொடுக்கிறதுக்குள்ள நான் எஸ்கேப் :-)