பிரம்மதண்டு புகட்டும் பாடம்

கடுகும் எண்ணெயும் விற்கும் வணிகப் பெருமக்களுக்குப் பிரம்மதண்டு என்ற பெயரே கசக்கும். கடுகைப் போலவே தோன்றும் அதன் விதையின் எண்ணெய், 1998-ஆம் ஆண்டு டெல்லியில் கடுகு எண்ணெயில் கலந்து விற்கப்பட்டது. அதை உண்டு கை கால் வீங்கி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தவறு செய்தவர் சிலர். பழியோ வணிகர் அனைவர் மீதும் விழுந்தது.

அதே செடிக்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வேறு பெயர் உண்டு. அங்கே கிராம மக்கள் மலேரியாவுக்கு அதைக் கஷாயமிட்டுக் குடிக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க முன்வந்தனர். 301 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு விதையல்லாத மேற்செடியின் கஷாயமும், மறு பிரிவினருக்கு வழக்கமான மாத்திரையும் கொடுத்தனர். 2010-இல் வெளியான முடிவின்படி, கஷாயம் குடித்தோரில் 89 சதவீதம் பேருக்கும், மாத்திரை உண்டோரில் 95 சதவீதம் பேருக்கும் வேறு மருந்து தேவைப்படவில்லை. ஆனால் கஷாயம் இரத்தத்திலுள்ள கிருமியை முற்றாக ஒழிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினர்.

சீனாவிலும் இதே கதைதான். டு யூயூ அம்மையார் குழுவினர் பழஞ்சுவடிகளைப் புரட்டி, 1971-இல் ஒரு மூலிகையில் மலேரியா மருந்தைக் கண்டனர். ஒரே பெயரில் வழங்கிய பல செடிகளில் ஒன்றில்தான் சத்து இருந்தது. அதுவும் கொதிக்க வைத்தால் கெட்டது. குறைந்த சூட்டில் ஈதர் கொண்டு எடுத்தபோதே பலித்தது. ஆர்ட்டிமிசினின் என்ற அம்மருந்துக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தப் பக்குவம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் மூலிகை மருந்தாகும். தெரியாவிட்டால் விஷமாகலாம்.

"சரக்கு விற்பதுதானே நம் வேலை?" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். ஆனால் "இது காய்ச்சலுக்குக் கேட்குமா?" என்று வாடிக்கையாளர் கேட்பது கல்லாவில் இருக்கும் நம்மிடம்தானே!

எனவே மளிகையோடு நாட்டு மருந்தும் விற்கும் உறுப்பினர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான்: பொட்டலத்தின் மேல் செடியின் பெயரோடு இலையா, வேரா, விதையா என்றும் எழுதுங்கள். இனம் தெரியாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். குளிர்காய்ச்சல் என்று வருபவரை முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு பொட்டலம் விற்காமல் போகலாம். வாடிக்கையாளர் நமக்கு நிலைப்பார்.