பளபளப்பு அப்புறம், எண்ணெய் முதலில்!

சென்ற இதழில் தையல் மிஷினுக்கு எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று எழுதியிருந்தேன். இந்த இதழிலும் எண்ணெய் சமாசாரம்தான். மிஷின்தான் கொஞ்சம் பெரிசு. ஸ்போர்ட்ஸ் கார்!

"நமக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் மோவாயில் கை வைப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2023-ஆம் வருஷம் என் தம்பி வீட்டுக்குப் போகும் வரை.

தம்பிக்கு இங்கிலாந்தில் வேலை. கோவென்ட்ரி நகரத்துக்குப் பக்கத்தில் வீடு. அவன் மனைவிக்குப் பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது. ஆகவே பிரசவ லேகியமும் பத்தியச் சாமான்களுமாக நான் போய் இறங்கினேன். போன மறுநாளே தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் என்று. ஒன்று தொட்டிலில், இன்னொன்று காரேஜில்.

காரேஜில் இருந்தது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற சிவப்பு வண்டி. 1978-ல் செய்தது. மேல்கூரையை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டலாம். இரண்டே பேர் உட்காரலாம். 1962 முதல் 1980 வரை அதே கோவென்ட்ரியில், கேன்லி என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையில் இந்த வண்டிகளைச் செய்தார்களாம். தம்பி அதைப் பழசாக வாங்கி, சனி ஞாயிறு முழுவதும் அதோடுதான் கிடந்தான்.

"குழந்தைக்கு உட்கார இடமில்லாத வண்டி எதுக்குக்கா? நீங்களே சொல்லுங்க" என்று அவன் மனைவி என்னிடம் குறைப்பட்டாள். பச்சை உடம்புக்காரி கண் கலங்கினால் யாருக்கு மனசு கேட்கும்? தம்பியைக் கண்டிக்கலாம் என்றுதான் காரேஜுக்குப் போனேன்.

அவன் முன்பக்கத்து பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். மற்ற கார் மாதிரி மூடி மட்டும் திறக்கவில்லை. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் வண்டியின் மூக்கே முன்னால் சாய்ந்து நின்றது. எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது. "டேய், இது அப்பாவோட ஹெரால்டு மாதிரியே இருக்கேடா!" என்றேன்.

உங்களில் சிலர் வீட்டில் அந்தக் காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இருந்திருக்கலாம். 1961 முதல் மதராஸில் தயாரான வண்டி. அதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதன் மேல் எழுப்பியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கலாட்டி. ஆக, எங்கள் அப்பாவின் பழைய காரும் தம்பியின் ஸ்போர்ட்ஸ் காரும் பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை!

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து எண்ணெய் செலுத்துவார். டார்ச் பிடிப்பது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயசு, தம்பி கைக்குழந்தை. ஒர்க்‌ஷாப் பையன்கள் எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். அப்பா மட்டும், "அந்த இடத்துக்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான்" என்று சொல்லி அதைத் தம் கையாலேயே செய்வார். எங்கள் பக்கத்துத் தெரு ஹெரால்டு ஒன்று, சந்தில் திரும்பும்போது முன் சக்கரம் மடங்கிக் கோழி மாதிரி குந்திக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். மெதுவாகப் போனதால் யாருக்கும் அடியில்லை.

அந்த ஞாபகத்தில் கேட்டேன். "ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு விட்டா, தானா நேரே வருதாடா?"

"இல்லக்கா. கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. பழைய வண்டிதானே! சின்னதா ஒரு தோல் ஸ்டியரிங் வாங்கிப் போடப் போறேன். நாலு சக்கரத்துக்கும் கம்பிச் சக்கரம் பார்த்து வச்சிருக்கேன். குழந்தைக்கு மூணு மாசம் ஆனதும் இவளைக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போகணும்."

"கம்பிச் சக்கரம் இருக்கட்டும். கீழே இருக்கிற அந்தப் பித்தளைக் கட்டைக்கு எண்ணெய் விட்டு எவ்வளவு நாளாச்சு?"

பதில் இல்லை. வாங்கியதிலிருந்து விட்டதே இல்லை.

அந்த உறுப்பின் பெயர் டிரன்னியன். ஊறுகாய் பாட்டிலையும் அதன் திருகு மூடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடியில் பாட்டில் கழுத்தைப் போல மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள் திருகித் திரும்புகிறது. மரை முழுக்க எண்ணெய் இருந்தால் சுகமாகத் திரும்பும். கிரீஸ் நாளடைவில் காய்ந்து, பலகாரச் சட்டியில் பிடித்த பழைய எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி இறுகிவிடும். தண்ணீர் புகுந்து இரும்பு துருப்பிடிக்கும். பனிக்காலத்தில் அந்த ஊர் ரோட்டில் ஐஸ் கரைவதற்காக உப்புத் தூவுகிறார்கள், அதுவும் சேர்ந்து அரிக்கும். அப்புறம் ஒருநாள் வேகமாகத் திருப்பினால் தண்டு மரையருகில் ஒடியும், சக்கரம் மடங்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒடிந்தால் பிழைத்தோம். நல்ல வேகத்தில் ஒடிந்தால்?

இன்னொரு விஷயம் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வயதைத் தாண்டிய, பெரிய மாறுதல் செய்யாத கார்களுக்கு அங்கே 2018 மே மாதத்திலிருந்து வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. கவர்ன்மெண்ட் கேட்காவிட்டால் என்ன? வண்டி சரியாக இருக்க வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பு. விரும்பினால் பணம் கட்டிப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

அடுத்த சனிக்கிழமை குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நானும் டார்ச்சும் காரேஜுக்குப் போனோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். தம்பி உடனே கீழே தலையை நுழைத்தான். "வெளியே வா!" என்று போட்ட சத்தத்தில் குழந்தையே எழுந்துவிட்டது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. அடிச்சட்டத்துக்கு அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகுதான் குனிய விட்டேன். செங்கல், சிமெண்ட் பிளாக் எதுவும் உதவாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் பாகத்தை அவிழ்த்து, அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தோம். கட்டையைப் பிடித்திருந்த போல்ட்டு துருவேறி அசையவில்லை. இரண்டு மணி நேரம் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தான். தண்டை வெளியே எடுத்துத் துடைத்ததும் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. மரை தொடங்கும் இடத்தில் அரிசியைப் பூச்சி அரித்த மாதிரி குழிகுழியாகத் துரு. கட்டைக்குள் கறுப்பாகக் காய்ந்த பழைய கிரீஸ். முன்பு யாரோ எண்ணெய்க்குப் பதில் அடித்தது.

அவன் மனைவி குழந்தையோடு வாசற்படியில் நின்று பார்த்தாள். "இதுலதான் என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தம்பி தலை நிமிரவில்லை.

கம்பிச் சக்கரப் பணத்தில் இரண்டு பக்கத்துக்கும் புதுத் தண்டு, புதுக் கட்டை வாங்கினான். அந்தப் பணத்தில் பாதிகூட ஆகவில்லை. வலது பக்கத்து மரை வழக்கம்போல் வலப்புறம் திருகும். இடது பக்கத்து மரை இடப்புறம் திருகும். ஆகவே பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மாட்ட வேண்டும். கட்டையை முழுக்கத் திருகிவிட்டு, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்புகிற அளவுக்குச் சிறிதே தளர்த்த வேண்டும். பிறகு கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி, மேலே கசியும் வரை செலுத்த வேண்டும். பிரேக்கையும் சக்கரங்களின் நேர்கோட்டையும் ஒர்க்‌ஷாப்பில் காட்டிச் சரிபார்த்தான். தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதில் வெட்கமில்லை.

அதற்குப் பிறகு 'எது முதலில், எது பிறகு' என்று ஒரு பட்டியல் போட்டோம். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஆசை பிடித்தவர் இருந்தால் காட்டுங்கள்.

1. முதலில் பிரேக், ஸ்டியரிங், டயர். இவை சரியாகும் வரை அலங்காரம் எதுவும் வேண்டாம்.

2. அடுத்து பெட்ரோல் குழாய். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய் அதில் வெடித்துக் கசியும். எத்தனால் தாங்கும் புதுக் குழாயும் புதுக் கிளிப்பும் போடுவது சின்னச் செலவு. பெட்ரோல் வாசனை வந்தால் அன்று வண்டியைத் தொடக் கூடாது. காரேஜில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

3. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டியைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயருக்கு அது வெறும் அழகுக்கு இல்லை, வண்டியின் பலத்தில் பங்கு அதற்குண்டு. துருவை மறைக்கச் சிலர் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பிரிஜ்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி! அதற்கு வெல்டிங் தேவை, அதை வெல்டரிடமே விடுங்கள்.

4. முகப்பு விளக்கு மங்கலா? பழைய சுவிட்ச் வழியாகவே முழு மின்சாரமும் போவதால் வழியிலேயே வீணாகும். ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயரில் ஃபியூஸ் போட்டுக் கொடுத்தால் வெளிச்சம் நன்றாகக் கூடும். வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

5. அடிக்கடி தேய்ந்து தொல்லை தரும் இக்னிஷன் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். சுலபமான வேலை. கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் நின்றால் உதவும்.

6. தோல் ஸ்டியரிங், கம்பிச் சக்கரம், பாலிஷ் எல்லாம் இதற்கு அப்புறம்.

தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளிருக்குப் பயந்து காரேஜ் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டோடு ஒட்டிய காரேஜ் என்றால் கைக்குழந்தை இருக்கும் அறைக்கும் வந்துவிடும். காரேஜ் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். எண்ணெய்க் கையோடு குழந்தையைத் தூக்க வருபவரிடம் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கொஞ்சம் சமையல் எண்ணெயும் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் கறுப்பெல்லாம் போய்விடும்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டி தெருவுக்கு வந்தது. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது என்றான் தம்பி. குழந்தையை நான் வைத்துக்கொண்டேன், அவர்கள் இருவரும் முக்கால் மணி நேரம் போய் வந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்காக அவளுடைய குறை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை காரேஜுக்கு, மாலை வீட்டுக்கு என்று ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை முழுக்க அவளுக்கும் குழந்தைக்கும்.

போன மாதம் போனில் பேசும்போது அவளே சொன்னாள்: "அக்கா, எண்ணெய் விடுறதை நான்தான் ஞாபகப்படுத்தறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. காலண்டர்ல குழந்தையோட தடுப்பூசித் தேதிக்குக் கீழேயே எழுதி வச்சிருக்கேன்."

அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டால் பரவாயில்லை. கிரைண்டர் இருக்கும், பிள்ளைகளின் சைக்கிள் இருக்கும், சீலிங் ஃபேன் இருக்கும். புது உறை, புது பெயிண்ட் என்று செலவழிக்கும் முன், கண்ணுக்குத் தெரியாமல் தேய்கிற இடம் எது என்று ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள்.

அடுத்த இதழில்: பிரஷர் குக்கரின் விசில் வராவிட்டால் எங்கே பார்ப்பது?