ஃபில்டரைக் கழற்றச் சொன்னவருக்கு

சென்ற இதழில் ‘சின்னத் தொட்டிக்கு ஃபில்டர் எதற்கு?’ என்று கேட்டு வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் ஃபில்டரைக் கழற்றி மூலையில் போட்டார்களோ தெரியவில்லை. ஒரே ஒருவர் போட்டிருந்தாலும் அங்கே மீன்கள் வீணாகச் சாகும். அதனால் இந்த எதிர்வினையை இதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையாளர் சொல்வது இதுதான். ஃபில்டர் என்பது கடைக்காரர் நம் தலையில் கட்டும் சரக்கு. வாரம் ஒருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, கல்லையும் கண்ணாடியையும் தேய்த்துக் கழுவினால் போதும். ஃபைட்டர் மீன் சேற்றுக் குட்டையிலேயே வாழும், அதற்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் தாராளம். அப்படியும் ஃபில்டர் வைத்தே தீருவேன் என்பவர்கள் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிய வேண்டும். ராத்திரி கரன்ட்டை மிச்சம் பிடிக்க அணைத்துவிட வேண்டும். இவை எல்லாமே தவறு. எல்லாம் ஒரே அறியாமையில் இருந்து பிறந்தவை. ஃபில்டரின் வேலை கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடிப்பது மட்டும்தான் என்று அவர் நம்புகிறார்.

தொட்டியில் மீனைக் கொல்வது தூசி அல்ல. தின்ற தீனியில் உள்ள புரதம் மீனின் உடம்பில் அம்மோனியாவாக மாறி, பெரும்பகுதி செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. அதற்கு நிறம் கிடையாது. பளிங்கு போல் தெளிந்த தண்ணீரிலும் மீன் மேல்மட்டத்தில் வந்து வாய் பிளந்து திணறும், செவுள் சிவந்து வீங்கும், துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதிக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதப்பதில்லை. பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கின்றன. செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியது 1890-ஐ ஒட்டி. இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியாவே முடிக்கும் என்று 2015-இல் கண்டுபிடித்தபோது, அவற்றில் சில கிடைத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரில்தான். நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். ஃபில்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

அவருடைய கிண்ணத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 லிட்டர் தண்ணீர், ஒரு ஃபைட்டர், ஒரு நாளைக்கு 0.1 கிராம் தீனி. கடையில் வாங்கும் தீனியில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் அம்மோனியா வெளிவரும். அப்படியென்றால் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம்; லிட்டருக்கு 0.75. நம் ஊரில் போர் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். 28 டிகிரி வெப்பத்தில் அந்தத் தண்ணீரில் அம்மோனியாவின் 6 சதவீதத்துக்குச் சற்று மேலான பங்கு கொடிய வடிவத்தில் இருக்கும். அந்த வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை எட்டினாலே செவுளுக்குக் கேடு தொடங்கும். முதல் நாள் முடியும்போதே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடுகிறது. ஏழாம் நாள், அவர் தண்ணீர் மாற்றச் சொல்லும் அந்த நாளில், அது ஏறக்குறைய ஏழு மடங்கு. அன்றைக்குக் கல்லையும் கண்ணாடியையும் தேய்க்கும்போது அங்கே ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் போய்விடும். மறுநாள் மீண்டும் விஷம் ஏறும்.

ஃபைட்டர் குட்டையில் வாழும் மீன்தானே என்கிறார். தாய்லாந்தின் வயல்களையும் சதுப்புகளையும் அவர் கிண்ணத்தோடு ஒப்பிடுகிறார். ஆழம் குறைவு என்றாலும் அந்த நீர்ப்பரப்பு பெரிது. அடியில் சேறு, சுற்றிலும் செடி, எல்லாவற்றிலும் பாக்டீரியா. ஃபைட்டரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க முடியும் என்பது உண்மை. அதனால் ஆக்ஸிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். ஆனால் அம்மோனியாவை அது காற்றில் விடுவதில்லை, தண்ணீரில்தான் விடுகிறது. கிண்ணத்தில் உடனே சாகாமல் மாதக்கணக்கில் தாங்குவதை ஆரோக்கியம் என்று காட்டுவது கொடுமை.

ஃபில்டரே இல்லாத நல்ல தொட்டிகள் உண்டு, மறுக்கவில்லை. டயானா வால்ஸ்டட் 1999-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, மண் போட்டு, செடிகளை அடர்த்தியாக வளர்த்து, அவற்றையே அம்மோனியாவை உறிஞ்ச விடும் முறை பரவலாகி இருக்கிறது. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், மீன் குறைவாக இருக்க வேண்டும். கட்டுரையாளர் அதைச் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. அவர் கட்டுரையில் செடி என்ற சொல்லே இல்லை.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஏமாற்று எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லி விற்கிறார்களே கரி கார்ட்ரிட்ஜ், அதுதான் வீண் செலவு. கரி மருந்தையும் நிறத்தையும் பிடிக்கும், அம்மோனியாவைப் பிடிக்காது. கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டால் அதில் வளர்ந்த பாக்டீரியாவும் குப்பைக்குப் போகும். 45×30×30 சென்டிமீட்டர் தொட்டிக்கு, அதாவது 40 லிட்டருக்கு, ஏர் பம்ப்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். குஞ்சுகளை உறிஞ்சாது, ஃபைட்டரின் நீண்ட துடுப்பை இழுத்து அலைக்கழிக்காது. கரன்ட் போய் வந்தாலும் தானாக ஓடும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் போனதும் தண்ணீர் பின்னோக்கி வந்து பம்ப்புக்குள் இறங்கும். பவர் ஃபில்டர்தான் வேண்டும் என்றால், தொட்டித் தண்ணீரை மணிக்கு நாலைந்து முறை சுற்ற வைக்கும் அளவில் வாங்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, பஞ்சு அடைக்காமல் ஓட்டிப் பார்த்த கணக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ராத்திரி அணைக்கச் சொல்வது இன்னும் மோசம். அந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஓட்டம் நின்றால் மூடிய ஃபில்டருக்குள் அவை திணறும், காலையில் போட்டதும் கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் வரும். இதில் மிச்சம் என்ன? 3 வாட் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட் ஆகாது.

பஞ்சைக் கழுவும் விதத்துக்கு வருகிறேன். இதில்தான் அவர் அறிவுரை அதிக மீன்களைக் கொல்லும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பதே பாக்டீரியாவைக் கொல்வதற்காகத்தான். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை மெல்ல அமுக்குங்கள். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வண்டல் இறங்கும். ஆரோக்கியமான பஞ்சில் மழை பெய்த மண்ணின் வாசனை இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அடைத்துப் போய் உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும், அப்படியே திரும்ப மாட்டுங்கள். ஓட்டம் குறையும்போது மட்டும் இதைச் செய்தால் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் விட்டு, வெப்பம் சமமான பிறகு ஊற்றுங்கள்.

அந்தக் கட்டுரையை நம்பி எல்லாவற்றையும் கழுவிவிட்டவர்கள் ஃபில்டரை இன்றே மாட்டி ஓட விடுங்கள். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், பிறகு மிகக் குறைவாகப் போடுங்கள். அம்மோனியா சோதனை மருந்து வாங்கி தினமும் பாருங்கள். அளவு ஏறினால் அன்றன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் பாக்டீரியா மீண்டும் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை புது மீன் எதையும் வாங்காதீர்கள்.