நாடா நுனியில் ஒரு முடிச்சு

அவசரமாகப் புறப்படும் நேரத்தில்தான் உள்பாவாடை நாடா உள்ளே ஓடி ஒளியும்! ஊக்கைக் குத்தி அதை வெளியே இழுக்கும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. கொட்டாஞ்சேனையில் என் அம்மா நாடாவின் இரு நுனியிலும் எட்டு முடிச்சுப் போட்டு வைப்பார். நுனியை நாடாவின் மேலால் எடுத்துக் கண்ணி செய்யுங்கள். பின் கீழால் சுற்றி, கண்ணிக்குள் மேலிருந்து விட்டு இறுக்கினால் '8' போல விழும். தனி முடிச்சைவிடத் தடிப்பு. வேண்டும்போது அவிழ்ப்பதும் சுலபம். தையல் நூலுக்குத் தனி முடிச்சே போதும்.

ஆனால் பிள்ளைகளின் தொப்பி வைத்த சட்டைக்கு இது வேண்டாம். வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும்போது என் பேத்தியின் கழுத்து நாடா கம்பி இடுக்கில் மாட்டிக்கொண்டது. முடிச்சு நழுவவில்லை, நழுவாமல் நிற்பதுதானே அதன் வேலை! பின்னால் நின்ற ஓர் அக்கா சத்தம் போட்டிராவிட்டால்... இப்படிச் சறுக்குமரத்திலும் பஸ் கதவிலும் நாடா சிக்கிப் பிள்ளைகள் இறந்த பிறகே, 1996இல் அமெரிக்காவில் சிறுவர் மேற்சட்டைகளில் கழுத்து நாடாவைத் தவிர்க்கும்படி வழிகாட்டல் வந்தது.

அன்றிரவே நாடாவை உருவி எடுத்துவிட்டு பிரஸ் பட்டன் ஒன்று தைத்தேன். உருவிய நாடா என் உள்பாவாடைக்கு உதவியது.