பெட்டிக்கு மூன்று பூட்டு! சபைக் கம்ப்யூட்டருக்கு எத்தனை?

இங்கிலாந்து நாட்டிலே பழைய தேவாலயங்கள் பலவற்றில் ஒரு மரப்பெட்டி இருக்கும். கனமான ஓக் மரத்தில் செய்த பெட்டி. அதில் மூன்று பூட்டுகள் தொங்கும்.

பொன்னையும் வெள்ளியையும் காக்க மட்டும் போட்ட பூட்டுகள் அல்ல அவை. ஒரு புத்தகத்தைக் காக்கவும் போட்ட பூட்டுகள்!

என்ன புத்தகம் அது? ஊரில் யாருக்கு ஞானஸ்நானம் நடந்தது, யாருக்கும் யாருக்கும் கலியாணம் நடந்தது, யாரை அடக்கம் செய்தார்கள் என்று எழுதிவைத்த பதிவேடு.

1538-ம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் மந்திரி தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு சபையும் பதிவேடு வைக்க வேண்டும். அதைப் பெட்டியில் வைத்து இரண்டு பூட்டுப் போட வேண்டும். ஒரு சாவி குருவானவரிடம். மற்றொரு சாவி சபையின் காரியக்காரர்களிடம். ஞாயிறுதோறும் பெட்டியைத் திறந்து, அந்த வாரம் நடந்ததைக் காரியக்காரர் முன்னிலையில் எழுத வேண்டும். தவறினால் அபராதம் உண்டு.

1603-ல் வகுத்த திருச்சபை விதியில் பூட்டு மூன்றாகியது. குருவானவருக்கு ஒரு சாவி. இரண்டு காரியக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. மூவரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். குருவானவர் ஆனாலும் தனியே எடுக்க முடியாது!

நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு யோசனை செய்திருக்கிறார்கள். இன்று நாம் யோசிக்கிறோமா?

பெட்டி போயிற்று, கம்ப்யூட்டர் வந்தது

இன்று பெரிய சபைகளில் பதிவேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. சபை நிர்வாகத்துக்கென்றே மென்பொருள் விற்கிறார்கள். அமெரிக்காவின் 'பிளானிங் சென்டர்' அவற்றில் ஒன்று. இதுபோல் இன்னும் பல உண்டு.

இவற்றில் என்னென்ன இருக்கும்? குடும்பத்தார் பெயர், விலாசம், டெலிபோன் எண், பிறந்த நாள், மண நாள் இருக்கும். யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்ற கணக்கு இருக்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பண்டம் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் இருக்கும். வீட்டுத் துயரத்தைச் சொல்லி ஜெபம் கேட்டவர்களின் செய்தியும் இருக்கும்.

பழைய பெட்டியைத் திறக்க ஆலயத்துக்கு வர வேண்டும். இந்தப் பெட்டியோ நூறு பேர் சட்டைப் பையில் இருக்கிறது. கைப்பேசியில் விரல் வைத்தால் திறந்துகொள்ளும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம்.

ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான். அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு வந்து குடியேறியிருக்கிறாள். போதகரிடம் மட்டும் சொல்லி அழுகிறாள். போதகர் மறவாமல் ஜெபிக்க வேண்டும் என்று அதைக் குறித்துவைக்கிறார். புது விலாசமும் பதிவாகிறது.

அந்தக் குறிப்பையும் விலாசத்தையும் பாடகர் குழுவில் உள்ள முப்பது பேரும் பார்க்கலாம் என்றால்? அவர்களில் ஒருவர் அந்தக் கணவனுக்கு உறவு என்றால்?

அந்தத் தாய் ஒளிந்து பயன் என்ன?

யாருக்கு எந்தச் சாவி?

இதற்காகத்தான் மென்பொருளில் 'அனுமதி' என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதுதான் இந்தக் காலத்துச் சாவி.

சிலர் பார்க்க மட்டும் செய்யலாம். சிலர் திருத்தவும் செய்யலாம். வெகு சிலரே மற்றவருக்குச் சாவி கொடுக்கவும் பறிக்கவும் செய்யலாம். காணிக்கைக் கணக்குக்கு வேறு சாவி. பிள்ளைகள் பட்டியலுக்கு வேறு சாவி என்று பிரித்தும் வைக்கலாம்.

பிரிக்கும் விதம் எளிது. 'இவர் எவ்வளவு பெரியவர்?' என்று கேட்கக் கூடாது. 'இவர் செய்யும் வேலைக்கு எது தேவை?' என்று கேட்க வேண்டும்.

பாடகர் தலைவருக்குத் தம் குழுவினர் பெயரும் டெலிபோன் எண்ணும் போதும். பொருளாளருக்குக் காணிக்கைக் கணக்கு வேண்டும். ஜெபக் குறிப்பு வேண்டாம். போதகருக்கு ஜெபக் குறிப்பு வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்குத் தேவையா? கொடுத்தவருக்கு ஒரு முகம், கொடாதவருக்கு ஒரு முகம் என்ற பேச்சு எழாமல் இருக்க, தெரியாதிருப்பதே நல்லது என்று நினைக்கும் போதகர்கள் உண்டு.

ஞாயிறு பள்ளி ஆசிரியைக்குத் தம் வகுப்புப் பிள்ளைகள் விவரம் மட்டும் போதும். சில சபைகளில் பிள்ளையை விடும்போது கம்ப்யூட்டர் இரண்டு சீட்டு அச்சிடுகிறது. ஒன்று பிள்ளையின் சட்டையில். மற்றொன்று பெற்றோர் கையில். இரண்டிலும் ஒரே எண். எண் ஒத்தால்தான் பிள்ளையை அனுப்புவார்கள். ஆனால் யார் யாரிடம் பிள்ளையை விடலாம் என்ற பட்டியலை எவரும் திருத்தலாம் என்றால், அந்தச் சீட்டுக்கு மதிப்பு ஏது?

ஸ்வீடனில் ஒரு வழக்கு

கம்ப்யூட்டருக்குப் போன செய்தியின் தன்மையே மாறிவிடுகிறது. இதை உலகுக்கு உணர்த்தியது ஒரு சபை ஊழியரின் வழக்கு.

ஸ்வீடன் நாட்டில் ஒரு சபையில் உபதேசியார் வேலை செய்துவந்தார் ஓர் அம்மையார். 1998-ல் அவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இணையப் பக்கங்கள் சிலவற்றை உண்டாக்கினார். திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்பவர்களுக்கு உதவ வேண்டும் என்பதே நோக்கம். அதில் தம்முடன் ஊழியம் செய்த 18 பேரைப் பற்றிச் சற்று வேடிக்கையாக எழுதினார். சிலருடைய டெலிபோன் எண்ணையும் போட்டார். ஒருவர் காலில் அடிபட்டு, அரை நேரம் மட்டும் வேலைக்கு வருகிறார் என்றும் எழுதினார்.

கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்தும்விட்டார். ஆயினும் வழக்கு வந்தது. கீழ்க்கோர்ட்டு 4,000 குரோனர் அபராதம் விதித்தது. அவர் அப்பீல் செய்தார். அப்பீல் கோர்ட்டு ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2003 நவம்பர் 6-ந் தேதி அந்த நீதிமன்றம் சொன்னது: இணையப் பக்கத்தில் ஆள் இன்னார் என்று குறிப்பிட்டு எழுதினால் தரவுச் சட்டம் அதற்கும் பொருந்தும்; காலில் அடிபட்டது என்பதும் உடல்நலச் செய்தியே; அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு.

கால் அடிபட்ட செய்தி கூட வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்குத் தெரிவது வேறு. உலகத்துக்குத் திறந்து வைப்பது வேறு.

2018 மே 25 முதல் ஐரோப்பாவில் இன்னும் கடுமையான சட்டம் நடக்கிறது. ஒருவரது மத நம்பிக்கையே தனிப் பாதுகாப்புக்கு உரிய செய்தி என்கிறது அது. சபை தன் அங்கத்தினர் விவரத்தைத் தன் ஊழியத்துக்காக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. 18 வயது நிறையாத பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது பொது விதி. யார் திறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், யார் திறந்தார் என்ற குறிப்பையும் வைக்க வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன.

ஒரு வேற்றுமை உண்டு. ஐரோப்பியச் சட்டத்தைப் போல, நம் சட்டம் மதச் செய்தி, நோய்ச் செய்தி என்று தனியே பிரிக்கவில்லை. ஆகவே எதை இறுகப் பூட்ட வேண்டும் என்பதைச் சபையேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டப் புத்தகம் சொல்லும் என்று காத்திருக்க முடியாது.

நம்பிக்கை இல்லையா?

'நாங்கள் ஒரே குடும்பம். எங்களுக்குள் பூட்டு எதற்கு?' என்று சிலர் வருத்தப்படுவார்கள்.

காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணுவது பல ஆலயங்களில் வழக்கம். அது யாரையும் திருடன் என்று சொல்வதற்காக அல்ல. நாளைக்கு நூறு ரூபாய் குறைந்தால், ஒரு நல்லவர் மேல் பழி விழாமல் இருப்பதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் சாவியும் அப்படியே. ரகசியம் வெளியே போனால் சாவி வைத்திருந்த எல்லார் மேலும் சந்தேகம் விழும். சாவி இல்லாதவருக்கு அந்தக் கவலை இல்லை. பூட்டு, ஊழியருக்கும் காவல்தான்.

செய்ய வேண்டியவை ஐந்து

ஒன்று: எல்லாம் திறக்கும் சாவி இரண்டு அல்லது மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவரிடம் மட்டும் இருந்தாலும் தவறு. அவர் நோயில் படுத்தால் வேலை நின்றுபோகும்.

இரண்டு: ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் வைத்துக்கொள்ளக் கூடாது. யார் திருத்தினார் என்று பிறகு தெரியாது. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பாங்கிக் கணக்குக்கு வருவதுபோல் கைப்பேசிக்கு எண் வரும் ஏற்பாடு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

மூன்று: பதவி முடிந்தவரின் சாவியை அன்றே திரும்ப வாங்க வேண்டும். பழைய செயலாளர் நல்லவரே. ஆனால் அவர் தொலைத்த கைப்பேசி யார் கையில் கிடைக்குமோ?

நான்கு: பட்டியலை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வேண்டாம். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, புத்தகத்தைத் திண்ணையில் வைப்பது போன்றது அது.

ஐந்து: ஆண்டுக்கு ஒரு முறையாவது, யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்று கமிட்டியில் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வாங்காத சிறு சபைக்கும் இது பொருந்தும். அங்கே நோட்டுப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, அலமாரிச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்த்தால் போதும்.

உங்கள் குடும்பத்தின் பெயரும் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கும். 'எங்கள் விவரத்தை யார் யார் பார்க்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

போதகரிடம் அழுத அந்தத் தாய், கம்ப்யூட்டரை நம்பிச் சொல்லவில்லை. மனிதரை நம்பிச் சொன்னாள். அந்த நம்பிக்கையைக் காப்பதற்குத்தான் பூட்டு.