கம்பத்தின் மேல் ஒரு பூனை

சென்ற ஐப்பசியில் தமக்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்க நேர்ந்தது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள். நானும் அண்ணாந்தேன். உயரழுத்த மின்கம்பத்தின் உச்சியில், வி வடிவ இரும்புச் சட்டத்தின் கவட்டில், சாம்பல் வரியோடிய பூனை ஒன்று உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் நாள் இரவு நாய்கள் துரத்த, வேப்பமரத்தில் ஏறி, கிளைநுனியிலிருந்து கம்பத்துக்குத் தாவியிருக்கிறது. தாவும்போது வளைந்துகொடுத்த கிளை, பாரம் நீங்கியதும் நிமிர்ந்துகொண்டது. திரும்பத் தாவுவதற்கு அதன் எதிரே இருந்ததெல்லாம் காற்றில் ஆடும் இலைக்கொத்துதான்.

"பசி எடுத்தா தானா இறங்கிடும். மரத்து மேல பூனை எலும்புக்கூட்டை யாராவது பார்த்திருக்கீங்களா?" என்றார் ஒருவர். உலகெங்கும் சொல்லப்படும் வாதம்தான் இது. மரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் பூனையின் நகங்கள் பின்னோக்கி வளைந்தவை, ஏறுவதற்கு ஏற்றவை. அணில் தன் பின்னங்காலைத் திருப்பிக்கொண்டு தலைகீழாக இறங்கும். வீட்டுப்பூனையால் அது முடியாது. பின்புறமாக, பட்டையை நகத்தால் பற்றிப் பற்றித்தான் அது இறங்கியாக வேண்டும். நம்மூர் மின்கம்பம் பட்டையுள்ள மரமன்று, காங்கிரீட். நகம் இறங்க இடமில்லை. விழுந்தாலும் பூனை பிழைத்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். 1987இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வு ஒன்றை இதற்குச் சான்று காட்டுவார்கள். மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன என்கிறது அது. சிகிச்சைக்கு வந்த பூனைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். விழுந்த இடத்திலேயே செத்ததை யார் மருத்துவரிடம் தூக்கிச் செல்லப்போகிறார்கள்?

எனக்கு அச்சம் விழுவதைப் பற்றியதன்று. பதினோராயிரம் வோல்ட் கம்பியில் காக்கை உட்காருகிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை, ஏனெனில் அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. பூனையோ நிலத்தோடு தொடர்புள்ள இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. சோம்பல் முறிக்க எழுந்து முதுகை வளைத்து, வாலோ காதோ கம்பியில் பட்டுவிட்டால், அதன் உடலுக்குள் பாயக் காத்திருப்பது சுமார் 6,350 வோல்ட். இதை அறியாத பையன்கள், பயந்து இறங்கட்டும் என்று கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் போர்வையை விரித்துப் பிடித்து "பூஸ், பூஸ்" என்று அழைத்தார்கள். பூனை அவர்களைப் பார்த்ததே தவிர அசையவில்லை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பன் தன் அவையடக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டானே, அந்தத் துணிச்சல் எல்லாப் பூனைகளுக்கும் வாய்க்காது போலும்.

மாலையில் ஓர் இளைஞன் அலுமினிய ஏணியைக் கொண்டுவந்து கம்பத்தில் சாய்த்துவிட்டான். நல்ல மனம் படைத்த பையன். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் கைத்தடியும் இல்லாமல் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். முப்பது ஆண்டுகள் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "தம்பி, அது உன்னைத் தொட வேணாம். நீ அதைத் தொட வேணாம். கிட்டப் போனாலே போதும்" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பணியிலிருந்த காலத்தில் இரண்டு தோழர்களைக் கம்பத்திலிருந்து இறக்கியவர் என்று தமக்கை பிறகு சொன்னாள்.

பிரிவு அலுவலகத்துக்குத் தொலைபேசினோம். "பூனைக்கெல்லாம் லைன் கிளியர் கேட்க முடியாதுங்க. நானூறு வீட்டுக்குக் கரண்ட் போயிடும்" என்றது மறுமுனைக் குரல். தீயணைப்பு நிலையத்தார் வந்து பார்த்தார்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டால் ஏணி வைக்கிறோம் என்றார்கள். அது நியாயமான பதில். ஆக இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க, பூனைக்கு இரண்டாம் இரவும் வந்தது. அன்றிரவு மழை. அது விட்டுவிட்டுக் கத்தியதை மாடியறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நடுச்சாமத்துக்குப் பிறகு சத்தம் நின்றது. அதுதான் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெரியவரே அலுவலகத்துக்கு நடந்து போனார். நானும் உடன் சென்றேன். அவர் கருணையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அண்ணே, இந்த ஈரத்துல அது லைன்ல விழுந்துச்சுன்னா ஃபீடர் ட்ரிப் ஆகும். அப்ப இருட்டுல, மழையில, எங்க ஃபால்ட்டுன்னு டார்ச் அடிச்சுத் தேடப் போறது உங்க ஆளுங்கதான். இப்பப் பகல்ல இருபது நிமிஷம் குடுங்க" என்றார். மிகையில்லை. 2016 ஜூனில் கென்யாவின் கிடாரு மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியின் மேல் விழுந்து நாடே இருண்டது. 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றபோதும், பாணந்துறை துணைமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எங்கள் பூனை ஒரு நாட்டை இருளாக்கியிராது. நான்கைந்து தெருக்களையாவது ஆக்கியிருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். துணைமின் நிலையத்தில் லைன் கிளியர் பெற்று, ஏபி ஸ்விட்சைத் திறந்து பூட்டி, கம்பத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்தியபின் இது எதற்கு என்று கேட்டேன். யாராவது வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்து ஓட்டினால், மின்சாரம் தலைகீழாக லைனுக்கு ஏறி வருமாம். மின்மாற்றி அதை மறுபடி பதினோராயிரமாக்கி மேலே அனுப்பிவிடுமாம். பலர் அப்படித்தான் போயிருக்கிறார்கள் என்றார் பெரியவர். பிறகு ஓர் ஒப்பந்தத் தொழிலாளி மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்புக் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு, சாக்குப் பையைப் பூனையின் மேல் கவிழ்த்து ஒரே அள்ளாக அள்ளினார். தெரு கைதட்டியது. கீழே வந்ததும் பூனை சாக்கைக் கிழிக்காத குறையாகப் பாய்ந்து, சுவரேறி மறைந்தது. மின்சாரம் நின்றிருந்தது மொத்தம் பதினெட்டு நிமிடம். என் கைக்கடிகாரக் கணக்கு.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், நானூறு குடும்பங்களின் பதினெட்டு நிமிடத்தை ஒரு தெருப்பூனைக்குத் தருவது மிகையுணர்ச்சி என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பராமரிப்பு என்று மாதந்தோறும் ஒரு பகல் முழுக்க மின்சாரமின்றி இருந்து பழகியவர்கள் நாம். யாரும் அதனால் கெட்டுவிடவில்லை. உயிர்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே, 51-ஏ பிரிவில், எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதியதற்குப் பதினெட்டு நிமிடமாவது விலை கொடுக்க வேண்டாமா? முதல் நாளே கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் குறை. அலுவலகத்தில் இருந்தவரை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. இப்படி ஓர் அழைப்பு வந்தால் இன்னாரிடம் கேட்டு இன்னது செய் என்று அவருக்கு யாரும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை. இல்லாத விதிக்குப் பயந்து மறுத்தார்.

ஆனால் விலங்கு ஆர்வலர்களோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. முதல் நாள் மாலை, அலுவலகத்தார் வராத கோபத்தில், அவ்வழியே சைக்கிளில் போன லைன்மேன் ஒருவரை மறித்து, "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா? ஏறி எடுங்க" என்று தெருவே கூச்சலிட்டது. லைன் கிளியர் இல்லாமல் ஏறு என்று ஒரு மனிதனிடம் சொல்வதன் பொருள் என்ன என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. அவர் மறுத்துப் போனது நல்லது. நான் அப்போது வாய்மூடி நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பூனையை இறக்கிய தொழிலாளியின் முன்கையில் சாக்கைத் துளைத்த நகங்கள் நான்கு கோடு கிழித்திருந்தன. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது கந்தல் கையுறை. அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம்தான். ஆனால் அன்றைக்கும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் போக வேண்டும். போகிற ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலி போகும். ஒப்பந்தக்காரர் அதைத் தரமாட்டார். தெருவில் அன்று மாலை கேசரி கிண்டிக் கொடுத்தார்கள்; பூனை படம் கைபேசிகளில் சுற்றியது. அந்தக் கையைப் பற்றி முதலில் பேச்செடுத்தவர் பெரியவர்தான். அவர் சொல்லித்தான் நாங்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டோம்.

ஊர் திரும்புவதற்கு முன், மூன்றாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு வந்தவரைத் தேநீர்க் கடையில் பார்த்தேன். கை வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சட்டையைச் சுருட்டிக் காட்டிவிட்டு, "பூனை அப்புறம் வந்துச்சா சார்?" என்றார். வரவில்லை என்றேன்.